பங்கு வாழ்வின் நடுவே இறைவன் உங்களுக்குத் தரும் பணியை இனங்காணும் வழி

செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்துக்குள் மெழுகுதிரிக் கட்டுடன் நுழைகிறவர்களில் கத்தோலிக்கர் மட்டுமன்றி இந்துக்களும் பௌத்தர்களும் இருப்பார்கள் என்பதைக் கொழும்பில் வாழும் எவருக்கும் சொல்லித் தெரிவிக்கத் தேவையில்லை. விசா கிடைக்க வேண்டும், மகளுக்கு வரன் அமைய வேண்டும், கடன் தீர வேண்டும், நாளை வரப்போகும் வைத்திய அறிக்கையில் கெட்ட செய்தி இருக்கக்கூடாது என்று அவரவர் தம் தேவையை அங்கே கொண்டுவந்து வைக்கிறார்கள். அதில் குறை காண எதுவுமில்லை. எரிகோ வழியோரத்தில் அமர்ந்திருந்த பார்வையற்ற பர்த்திமேயுவிடம், உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று ஆண்டவரே கேட்டார். ஆனால் அதற்கு எதிர்த்திசையில் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றும் விவிலியத்தில் உண்டு. தமஸ்குச் சாலையில் விழுந்து கிடந்த சவுல், ஆண்டவரே, நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கேள்வியோடு கோவிலுக்குள் வருகிறவர்களுக்கானது.

சவுலுக்குக் கிடைத்த பதிலைக் கவனித்து வாசியுங்கள். எழுந்து ஊருக்குள் போ, செய்ய வேண்டியது அங்கே உனக்குச் சொல்லப்படும் என்பதே அவருக்குக் கிடைத்த பதில். அங்கே அதைச் சொன்னவர் அனனியா என்ற சாதாரண சீடர். அவரும் முதலில் போகத் தயங்கியவர்தான். ஒளி நடுவழியில் கிடைத்தது. விபரமோ ஊருக்குள், சக கிறிஸ்தவர் ஒருவரின் வாயிலிருந்து கிடைத்தது. தனிமையில் கண்களை மூடி அமர்ந்தால் வாழ்வின் நோக்கம் முழு வாக்கியமாக உள்ளத்தில் ஒலிக்கும் என்று எதிர்பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்து போவதையும், பங்கின், அதாவது ஒரு கோவிலைச் சார்ந்து வாழும் மக்கள் சமூகத்தின், அன்றாட வேலைகளுக்குள் கையை வைத்துப் பார்த்தவர்களுக்கு அது சிறிது சிறிதாகத் தெளிவதையும் மறையாசிரியப் பணியில் இருந்த ஆண்டுகளில் நான் கண்டிருக்கிறேன்.

முதலில் ‘அழைத்தல்’ என்ற சொல்லைச் சரிசெய்துகொள்ளுங்கள்

எங்கள் பங்குகளில் ‘தேவ அழைத்தல்’ என்று சொன்னால் குருமடமும் கன்னியர் மடமும்தான் நினைவுக்கு வருகின்றன. உயிர்ப்புக் காலத்தின் 4ஆம் ஞாயிறாகிய நல்லாயன் ஞாயிறன்று அழைத்தலுக்காக மன்றாடும்போது, திருமணமானவர்களும் நடுவயதைக் கடந்தவர்களும் அது வேறு யாருக்கோ உரிய மன்றாட்டு என்ற எண்ணத்தோடு பதிலுரைக்கிறார்கள். 1964 நவம்பர் 21ஆம் திகதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டின் 5ஆம் அதிகாரம், தூய வாழ்வுக்கான அழைப்பு திருமுழுக்குப் பெற்ற எல்லோருக்கும் உரியது என்று தெளிவாகவே கற்பிக்கிறது. ஆறு தசாப்தங்கள் கடந்தும் அந்தப் போதனை எமது பேச்சுவழக்குக்குள் வந்து சேரவில்லை.

ஆகவே மூன்று கேள்விகளைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். திருமுழுக்கினால் எல்லோருக்கும் வந்துள்ள பொது அழைப்பு ஒன்று. அதில் தேர்ந்து தெளிய எதுவுமில்லை, வாழ வேண்டியதுதான் உண்டு. திருமணம், குருத்துவம், துறவறம், தனித்த அர்ப்பண வாழ்வு என்ற வாழ்க்கை நிலை இரண்டாவது. அந்த நிலைக்குள் நின்றுகொண்டு இன்ன மக்களுக்கு இன்ன வேலையை இந்த ஆண்டுகளில் செய்ய வேண்டும் என்பது மூன்றாவது. இருபது வயதில் இரண்டாவது கேள்வி உரக்கக் கேட்கும்; ஐம்பது வயதில் மூன்றாவதுதான் நித்திரையைக் குழப்பும். திருமணமாகிப் பிள்ளைகளும் உள்ள ஒருவர், அன்று குருமடத்துக்குப் போயிருக்க வேண்டுமோ என்று இன்று வருந்துவாரானால், பெரும்பாலும் அவர் மூன்றாவது கேள்வியை இரண்டாவதன் உடுப்பில் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது கேள்வியைப் பற்றிப் பெற்றோர் அறிய வேண்டிய சட்டமொன்று உண்டு. வாழ்க்கை நிலையைத் தேர்வதில் எவ்வகை வற்புறுத்தலுக்கும் ஆளாகாதிருக்கும் உரிமை எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் உண்டு என்று திருச்சபைச் சட்டத்தின் 219ஆம் இலக்கம் கூறுகிறது. மகனைக் குருவாக்குவதாக நேர்ந்துகொண்ட தாய்மாரையும், மடத்துக்குப் போக விரும்பிய மகளின் கடவுச்சீட்டை ஒளித்து வைத்த தந்தைமாரையும் அந்தச் சட்டம் ஒரே வரிசையில்தான் நிறுத்துகிறது.

ஒரு மாதத்துக்கு ஒரு கொப்பி

வேலை இங்கேதான் தொடங்குகிறது. சாதாரணக் கொப்பி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தொலைபேசி வேண்டாம், அதில் எழுதத் திறந்தால் வட்சப் முந்திக்கொள்ளும். ஒவ்வோர் இரவும் பத்து அல்லது பதினைந்து நிமிடம், அன்றைய நாளை இறைவனோடு சேர்ந்து திரும்பிப் பாருங்கள். நன்றி சொல்ல என்ன இருந்தது, எந்த வேளையில் உள்ளம் விரிந்தது, எந்த வேளையில் சுருங்கியது, அதற்கு முன்னும் பின்னும் நடந்தது என்ன என்று நாலைந்து வரி எழுதினால் போதுமானது.

இந்தப் பயிற்சிக்கு வேர் எங்கே இருக்கிறது என்பதை அறிந்தால் எதை எழுத வேண்டும் என்பதும் விளங்கும். 1521 மே 20ஆம் திகதி பாம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டால் கால் சிதைந்தவரும் பின்னாளில் இயேசு சபையை நிறுவியவருமான புனித இஞ்ஞாசியார், லொயோலாவில் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். பொழுதைப் போக்க வீரக் கதைகள் கேட்டார். அவை கிடைக்காமல் கிறிஸ்துவின் வாழ்வும் புனிதர்களின் சரிதைகளும் கையில் வந்தன. உயர்குலப் பெண் ஒருத்திக்காக வீரச் செயல் புரிவதாகக் கனவு கண்டபோதும் அவருக்கு இன்பமாக இருந்தது. புனிதர்களைப் போல வாழ்வதாகக் கனவு கண்டபோதும் இன்பமாகவே இருந்தது. வேறுபாடு பின்னர்தான் தெரிந்தது. முதல் கனவு கலைந்தபின் உள்ளம் வறண்டு கிடந்தது. இரண்டாவது கலைந்த பின்னும் நிறைவு தங்கியிருந்தது. ஆகவே ஒரு செயல் நடக்கும்போது எழும் மகிழ்ச்சியைக் காட்டிலும், அது முடிந்து இரண்டு மணிநேரம் கழிந்தபின் உள்ளத்தில் எஞ்சியிருப்பது எது என்பதே கொப்பிக்குள் வர வேண்டிய செய்தி.

உதாரணமாக ஓர் இளம்பெண்ணின் கொப்பியில் இப்படி இருக்கக்கூடும். “வியாழன். ஞாயிறு வகுப்புக்குப் பாடம் ஆயத்தம் செய்தேன். அலுப்பாக இருந்தது. மூடிவைத்தபின் மனம் அமைதியாக இருந்தது. கடைசி வாங்கில் இருக்கும் பையனை நினைத்துக்கொண்டே நித்திரையானேன். ஞாயிறு. பூசையில் தனிக்குரல் பாடினேன். எல்லோரும் பாராட்டினார்கள். வீட்டுக்கு வந்து, பாராட்டாமல் போனவர் யார் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.” பாடுவது தவறு என்றோ கற்பிப்பதுதான் அவளது அழைத்தல் என்றோ இந்த இரு பதிவுகளைக் கொண்டு முடிவு செய்துவிட இயலாது. ஆனால் இதே வடிவம் நாலு கிழமை தொடர்ந்து வருமானால், அதை அவள் பொருட்படுத்த வேண்டும்.

அமைதியான இடம் எங்கே என்ற கேள்வி கொழும்பில் நியாயமானது. கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும் ஒரே அறையில் ஐந்து பேர் உறங்கும் வீடுகள் உண்டு; வெள்ளவத்தை அடுக்குமாடியில் அறை இருந்தாலும் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி சுவரைத் துளைத்து வரும். திருப்பலி தொடங்குவதற்கு அரை மணிநேரம் முன்னதாகக் கோவிலுக்குப் போய்விடுவதே எனக்குத் தெரிந்த எளிய வழி. மின்விசிறிகள் சுழலத் தொடங்குமுன், உபதேசியார் யன்னல்களைத் திறந்துகொண்டு வரும் அந்த நேரத்தில் யாரும் உங்களிடம் எதையும் கேட்க மாட்டார்கள்.

எந்த மொழியில் எழுதுவது என்பதும் இங்கே சிறிய விடயமல்ல. ஆங்கில மூலத்தில் படித்து, சிங்களத்தில் வேலை பார்த்து, அம்மம்மாவோடு தமிழில் செபமாலை சொன்ன ஒருவருக்கு உள்ளம் எந்த மொழியில் இருக்கிறது? கோபம் வந்தால் எந்த மொழி வாயில் வருகிறதோ அந்த மொழியில் எழுதுங்கள். எழுத்துப் பிழைகளை இறைவன் எண்ணிக்கொண்டிருப்பதில்லை.

2022 ஓகஸ்ட் 31 முதல் 2023 ஜனவரி 4 வரை திருத்தந்தை பிரான்சிஸ் தமது புதன்கிழமைப் பொதுச் சந்திப்புகளில் தேர்ந்து தெளிதல் பற்றியே தொடர்ந்து கற்பித்தார். இறைவனோடு நட்பு, தன்னை அறிதல், உள்ளார்ந்த விருப்பம் ஆகியவற்றுக்குப் பின் தன் வாழ்க்கையையே ஒரு நூலாக வாசித்தல் என்பதை அவர் வைத்தார். ஒரு மாத முடிவில் கொப்பியை முதல் பக்கத்திலிருந்து ஒரே மூச்சில் வாசிக்கச் சொல்வது அதனால்தான். திரும்பத் திரும்ப வரும் பெயர்கள், இடங்கள், வேலைகளுக்குக் கீழே கோடிடுங்கள். எழுதும்போது தெரியாத ஒன்று அப்போது கண்ணில் படும்.

ஏலியைத் தேடிப் போதல்

சிறுவன் சாமுவேல் ஆண்டவரின் குரலைக் கேட்டு மூன்று முறை ஆலயத்தின் முதிய குருவான ஏலியிடமே ஓடினான். குரல் யாருடையது என்பதைக் கேட்டவனால் அறிய முடியவில்லை, கேளாதவர் அறிந்தார். ஏலி பார்வை மங்கியவர். தம் புதல்வர்களைத் திருத்தத் தவறியவர். அத்தகைய ஒருவரால்கூட அது ஆண்டவரின் குரல் என்று சொல்ல முடிந்தது. புனிதர் ஒருவர் கிடைக்கும்வரை வழிகாட்டி வேண்டாம் என்று காத்திருப்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

யாரிடம் போவது? பங்குத்தந்தையே முதல் தெரிவு. ஆனால் ஞாயிறு திருப்பலி முடிந்து அவர் வாசலில் நிற்கும்போது, பின்னால் இருபது பேர் நிற்க, “ஃபாதர், ஆண்டவர் என்னிடம் என்ன எதிர்பார்க்கிறார்?” என்று கேட்டால், செபியுங்கள் என்பதைத் தவிர அவர் என்ன சொல்வார்? மூன்று மொழிகளிலும் திருப்பலி நடக்கும் பங்குகளில் ஒரு பூசைக்கும் அடுத்ததற்கும் இடையில் அவருக்குத் தேநீர் குடிக்கவே நேரமிருப்பதில்லை. வாரநாளில் அரை மணிநேரம் கேட்டு வாங்குங்கள். போகும்போது கொப்பியை முழுமையாகக் கொடுக்காமல், அதில் திரும்பத் திரும்ப வந்த இரண்டு மூன்று செய்திகளை மட்டும் சொல்லுங்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இந்த உரையாடலை நடத்த முயலாதீர்கள். அந்தத் திருவருட்சாதனத்தின் முத்திரை, அதாவது குரு அங்கே கேட்டதை வெளியே சொல்லாதிருக்கும் கடமை, மீற முடியாதது என்பதால் சிலர் அங்கே பேசுவதைப் பாதுகாப்பாகக் கருதுகிறார்கள், ஆனால் வரிசையில் நிற்கும் பாட்டிமாருக்கும் அந்த நேரத்தில் உரிமை உண்டு.

பங்குத்தந்தையிடம் மனம் திறக்கவில்லை என்றால் ஓர் அருட்சகோதரியோ, அயல் பங்கின் குருவோ, பல ஆண்டு செபத்தில் பழகிய ஒரு பொதுநிலையினரோ போதும். ஒரே ஒரு நிபந்தனை உண்டு: உங்கள் முடிவால் ஆதாயமோ நட்டமோ அடையாதவராக அவர் இருக்க வேண்டும். பாடகர் குழாத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கும் அன்ரி உங்கள் குரலைப் பற்றிச் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அவர் உங்களுக்கு ஏலி அல்லர்.

திருவுளச் சீட்டு, சாதகம், விவிலியத்தைக் கண்மூடித் திறத்தல்

இவற்றைப் பற்றிச் சொல்லாமல் போனால் கட்டுரை நேர்மையாக இராது. பீடத்தில் இரண்டு சீட்டுகளை மடித்து வைத்துப் பிள்ளையொன்றைக் கொண்டு எடுப்பிப்பது எமது குடும்பங்களில் இன்றும் உண்டு. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்தபோது திருத்தூதர்களும் சீட்டுப் போட்டார்களே என்பார்கள். உண்மைதான். ஆனால் ஆண்டவரோடு தொடக்கமுதல் நடந்தவர் யார், உயிர்ப்புக்குச் சாட்சி யார் என்று முதலில் ஆராய்ந்து, தகுதியான இருவரை நிறுத்தி, செபித்த பின்னரே சீட்டுப் போட்டார்கள். எங்களவரோ ஆராய்ச்சியைத் தவிர்ப்பதற்காகச் சீட்டை எடுக்கிறார்கள். கண்ணை மூடி விவிலியத்தைத் திறந்து விரல் வைத்த வசனத்தை முடிவாகக் கொள்வதும் இதே வகை. செவ்வாய்க்கிழமை அந்தோனியாரிடமும் புதன்கிழமை சாத்திரியாரிடமும் போகும் குடும்பங்களை நான் அறிவேன். சாதகம், கைரேகை முதலியவற்றைத் திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டின் 2116ஆம் இலக்கம் விலக்குகிறது என்பதை இங்கே குறித்துவிட்டு மேலே செல்கிறேன்.

சிறிதாக, கால எல்லையோடு செய்து பாருங்கள்

கொப்பியும் உரையாடலும் உங்களை ஓரிடத்துக்குக் கொண்டுவந்து விடும். அதன்பின் செய்து பார்த்தால்தான் தெரியும். ஒரு பங்கில் கைக்கெட்டிய தூரத்தில் எத்தனை பணிகள் உண்டு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. வாசகம் வாசித்தல், பீடப்பணி, மறைக்கல்வி, பாடகர் குழாம், மரியாயின் சேனை என்ற செபக் குழு, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை, நோயாளருக்கு நற்கருணை கொண்டு செல்லல், அயல் வீட்டார் சேர்ந்து செபிக்கும் அன்பியக் கூட்டங்கள் ஆகியவை அறிவித்தலில் வருவன. அறிவித்தலில் வராத பணிகளும் உண்டு. செத்த வீடொன்றில், ஒப்பாரியும் ஓட்டமுமாக இருக்கும் முதல் இரண்டு மணிநேரத்தில், பிளாஸ்டிக் கதிரைகளை எண்ணி வரிசைப்படுத்தி, பிரேதச் சாலைக்காரரிடம் சிங்களத்தில் பேசி, தேநீருக்குச் சீனி போதுமா என்று பார்த்து, பின்பு ஒரு மூலையில் நின்று செபமாலையின் முதல் காரணிக்கத்தை, அதாவது முதல் பத்து மணிச் செபத்தை, தொடங்கிவைக்கும் ஒருவர் ஏறக்குறைய எல்லாப் பங்குகளிலும் இருக்கிறார். எந்தச் சபையின் பெயர்ப்பட்டியலிலும் அவர் இருக்க மாட்டார். தமக்கொரு அழைத்தல் உண்டென்று அவரிடம் யாரும் சொன்னதுமில்லை.

ஒன்றை மட்டும் தெரிந்து, மூன்று மாதத்துக்கு என்று சொல்லிச் சேருங்கள். கால எல்லையை வாய்விட்டுச் சொல்வது முக்கியம். அதைச் சொல்லாமல் சேர்கிறவர் பத்து ஆண்டுகளின் பின்னும் அங்கேயே இருப்பார், விருப்பத்தாலா வெட்கத்தாலா என்று தமக்கே தெரியாமல்.

என் அனுபவம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். என் கையெழுத்து அழகாக இருந்த ஒரே காரணத்தால், ஒரு பங்கில் பங்குத்தந்தைக்கு ஆலோசனை கூறும் அருட்பணிச் சபையின் செயலாளராக்கப்பட்டேன். கூட்டக் குறிப்புகளை ஏழு ஆண்டுகள் எழுதினேன். எவரும் என்னை வருத்தவில்லை. எல்லோரும் நன்றாகவே நடத்தினார்கள். ஆனால் ஒவ்வொரு கூட்டத்தின் பின்னும் என் கொப்பியில் ‘வெறுமை’ என்ற ஒரே சொல் இருந்தது, நான் அதை ஆணவம் என்று நினைத்துப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். பங்குக்கு ஒரு தேவை இருக்கிறது, எனக்கு அதைச் செய்யத் தெரிகிறது, ஆகவே இறைவன் என்னை அதற்கு அழைக்கிறார் என்ற கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள அவ்வளவு காலம் எடுத்தது.

அந்தப் பிழையைத் திருத்தும் பகுதி திருத்தூதர் பணிகள் நூலின் 6ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கைம்பெண்களுக்கான அன்றாடப் பந்தியில் குறை ஏற்பட்டபோது, தேவை உண்மையானது என்பதைத் திருத்தூதர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஆனாலும் இறைவார்த்தையை விட்டுவிட்டுப் பந்தியில் பரிமாறுவது தமக்கு முறையல்ல என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். அவர்கள் மறுத்ததனால்தான் ஸ்தேவான் உள்ளிட்ட எழுவருக்கு இடம் கிடைத்தது. நீங்கள் விலகாமல் பிடித்துக்கொண்டிருக்கும் வேலை இன்னொருவரின் அழைத்தலாக இருக்கக்கூடும். எமது பங்குகளில் ‘மாட்டேன்’ என்று சொல்பவரைப் பக்தி குறைந்தவர் என்று எண்ணும் பழக்கம் இருக்கிறது. எதற்குமே மறுப்புச் சொல்லத் தெரியாதவரால் எதையும் தேர்ந்து தெளியவும் முடியாது என்பது என் எண்ணம்.

இரண்டும் நல்லதாக இருந்தால்

நன்மைக்கும் தீமைக்கும் இடையில் தெரிவதற்கு மனச்சாட்சியும் பத்துக் கட்டளைகளும் போதும். இரண்டு நல்லவற்றுக்கு இடையில்தான் தேர்ந்து தெளிதல் தேவைப்படுகிறது. இஞ்ஞாசியார் தரும் மூன்று ஆலோசனைகள் இங்கே பயன்படும். உங்கள் நிலையிலேயே உள்ள, நீங்கள் முன்பின் அறியாத ஒருவர் உங்களிடம் ஆலோசனை கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். மரணப் படுக்கையில் இருந்து திரும்பிப் பார்க்கும்போது எதைத் தெரிந்திருக்க விரும்புவீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். மூன்றாவது ஆலோசனையைக் கொப்பியின் உள்ளட்டையில் எழுதி வையுங்கள்: உள்ளம் வறண்டு கிடக்கும் காலத்தில், தெளிவான காலத்தில் எடுத்த முடிவை மாற்றாதீர்கள். உயர்தரப் பெறுபேறு பிழைத்த கிழமையிலும், காதல் முறிந்த மாதத்திலும், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வெளியேறிய இரவிலும் குருமடத்துக்கு விண்ணப்பிக்க வேண்டாம். அதே விதிப்படி, குருமடத்தை விட்டு வெளியேறும் முடிவையும் அத்தகைய இரவில் எடுக்க வேண்டாம்.

தெரிவு சரியாக இருந்தால் வழி தானாகத் திறக்கும் என்று பலர் நம்புகிறார்கள். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் புனிதராக உயர்த்தப்பட்ட யோசப் வாஸ் அடிகளாரின் வாழ்வு அந்த நம்பிக்கைக்கு இடம் கொடுப்பதில்லை. ஒல்லாந்தர் ஆட்சியில் குருக்களின்றித் தவித்த இலங்கைக்குப் போகவே கோவாவிலிருந்த அவர் விரும்பினார். 1681இல் அவரைக் கன்னடப் பகுதிக்கு அனுப்பினார்கள். அவர் கீழ்ப்படிந்து போனார், ஆனால் இலங்கையை மறக்கவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து, 1687இல், வறியவரின் கோலத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தபோது கடும் நோயில் விழுந்தார். 1692இல் கண்டிக்குப் போனபோது போர்த்துக்கேய ஒற்றர் என்ற சந்தேகத்தில் சிறையில் அடைக்கப்பட்டார். தடை வந்ததால் இது இறைவனின் விருப்பமல்ல என்று அவர் முடிவு கட்டியிருந்தால், 1711இல் அவர் மரிக்கும்போது இந்தத் தீவில் இருந்த கத்தோலிக்க சமூகம் இருந்திராது. விருப்பம் ஆறு ஆண்டுகளாக மங்காதிருந்தது, மேலதிகாரிகளின் சொல்லை மீறிப் போகாமல் காத்திருந்தது ஆகிய இரண்டுமே அவரிடத்தில் கவனிக்க வேண்டியவை.

பொதுநிலையினருக்கு இன்னும் நெருக்கமான ஒருவர் பிரடெரிக் ஓசானாம். 1833இல் பாரிசில் வின்சென்ட் தே பவுல் சபையைத் தோழர்களோடு தொடங்கியபோது அவருக்கு வயது 20. குருவாகலாமா என்ற கேள்வி அதன்பின்னும் ஆண்டுக்கணக்கில் அவரை விடவில்லை. 1841இல் அவர் திருமணம் செய்துகொண்டார். பேராசிரியராகவும் கணவராகவும் தந்தையாகவும் வாழ்ந்து 40 வயதில் மரித்தார். 1997இல் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். வாழ்க்கை நிலை பற்றிய கேள்விக்கு விடை கிடைக்கும்வரை அவர் ஏழைகளின் மாடிப்படிகளை ஏறாமல் காத்திருக்கவில்லை.

பயணமும் வீட்டுப் பொறுப்பும்

கொழும்பில் தமிழ்க் கத்தோலிக்கர் பலரின் தெரிவுகளுக்குள் விமான நிலையம் ஒன்று ஒளிந்திருக்கிறது. 2022 பொருளாதார நெருக்கடியின் பின் அது இன்னும் அருகில் வந்துவிட்டது. கனடாவுக்குப் போவது இறைவிருப்பமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, அங்கே போய் யாருக்காக எதைச் செய்யப் போகிறீர்கள் என்பதைத்தான். தம்பி தங்கையரின் படிப்புக்காக என்று தெளிவாகப் பதில் வருமானால், அதையும் அழைத்தலின் வரிசையில் வைக்கலாம். இங்கே மூச்சு முட்டுகிறது என்பது மட்டுமே பதிலாக வருமானால், போவது பாவமல்ல. ஆனால் கேள்வி விமானத்தில் கூடவே வரும்.

படுக்கையில் இருக்கும் தாயைப் பராமரிப்பதால் பங்குப் பணிக்கு வர இயலவில்லை என்று வருந்துகிறவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமையும் கடை திறக்க வேண்டிய ஊழியர்களுக்கும் ஒரு சொல். உங்கள் கொப்பி அந்தக் கட்டிலருகிலும் அந்தக் கல்லாப்பெட்டியருகிலும்தான் எழுதப்பட வேண்டும். பணி அங்கே தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முடிவை எடுத்தபின்

குருத்துவமோ துறவறமோ உங்கள் முன் நிற்கிறது என்று மூன்று மாதப் பயிற்சிக்குப் பின்னும் தோன்றினால், பங்குத்தந்தையின் வழியாக மறைமாவட்டத்திலோ துறவற சபையிலோ அழைத்தலுக்குப் பொறுப்பானவரைச் சந்தியுங்கள். அங்கே கதவு ஒரேயடியாக மூடப்படுவதில்லை. துறவற சபையின் தொடக்கப் பயிற்சியாகிய நவசந்நியாசம் குறைந்தது 12 மாதங்கள். அக்காலத்தில் எவரும் சுதந்திரமாக வெளியேறலாம். வாழ்நாள் முழுவதற்குமான துறவற வாக்குறுதியாகிய நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன் குறைந்தது மூன்று ஆண்டுகள் தற்காலிக வார்த்தைப்பாட்டில் இருக்க வேண்டும். 25 வயது நிறையாமல் குருப்பட்டம் இல்லை. யாழ்ப்பாணம் கொழும்புத்துறைக் குருமடத்திலோ கண்டி அம்பிட்டியாவிலோ செலவிடும் ஆண்டுகள் எல்லாமே தேர்ந்து தெளிவதற்கான ஆண்டுகள்தாம். இடையில் திரும்பி வந்த இளைஞனைப் பார்த்து வீதியில் முணுமுணுப்பவர்கள் இதை அறிவதில்லை.

மற்றவர்கள், எடுத்த முடிவைத் திகதியிட்டுக் கொப்பியில் எழுதி, வழிகாட்டியிடம் சொல்லி, ஆறு மாதத்தின் பின் ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று பார்க்க வேண்டியது வெற்றியையல்ல. கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில் பவுல் வரிசைப்படுத்தும் அன்பு, மகிழ்ச்சி, அமைதி, பொறுமை முதலிய கனிகளில் ஏதாவது உங்களிடம் கூடியிருக்கிறதா என்பதைத்தான். இதை உங்களைவிட உங்கள் வீட்டார் சரியாகச் சொல்வார்கள். பங்குப் பணியில் சேர்ந்தபின் வீட்டில் எரிந்து விழுவது கூடியிருந்தால், மனைவியோ கணவனோ அதைச் சொல்லும்போது எதிர்த்து வாதாடாமல் கேளுங்கள்.

ஒரு பணியை விட வேண்டும் என்று தெளிந்தால், விடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. மாதக்கணக்கில் வராமல் இருந்து மற்றவர்களாக விளங்கிக்கொள்ளட்டும் என்று விடாதீர்கள். பங்குத்தந்தையிடம் நேரில் சொல்லி, அடுத்தவருக்குப் பழக்க மூன்று ஞாயிறுகள் ஒதுக்கி, அலுமாரித் திறப்பையும் கணக்குக் கொப்பியையும் கையில் கொடுங்கள். நான் கூட்டக் குறிப்பேட்டை ஒப்படைத்தது மரியாயின் சேனையில் இருந்த ஓர் இளைஞனிடம். அவனுடைய கையெழுத்து வாசிக்கவே முடியாதது. ஆனால் கூட்டம் முடிந்த மறுநாளே, சொன்ன வேலையைச் செய்யாதவர்களின் வீட்டுக் கதவை அவன் போய்த் தட்டினான். ஏழு ஆண்டுகளில் நான் ஒரு நாளும் அதைச் செய்ததில்லை.